மாத்திரைக்குள் என்ன மாவு?

விசாரிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. அழிந்துபோகுமோ என்ற கவலை வேண்டாம்; நம் பக்கத்து ஊர்களில் செழிப்பாகவே இருக்கிறது. அடையாளம் காண வேண்டுமானால் அரியலூர் பஸ் நிலையத்தில் சற்று நில்லுங்கள். 'செந்துறை' என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டிய பஸ்ஸின் முன்னால் நின்று, அந்தப் பலகையையும் படித்துவிட்டு, "இது செந்துறை போவுதுங்களா?" என்று டிரைவரைக் கேட்டு, அவர் தலையாட்டியது போதாமல் கண்டக்டரைக் கேட்டு, அவர் சிடுசிடுத்த பிறகு உள்ளே ஏறி, ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருப்பவரைத் தட்டி எழுப்பி அவரையும் கேட்டு, அவரும் ஆமென்று சொன்னதும், 'மூணு பேரும் ஒண்ணுபோலச் சொல்றாங்களே, இதில் ஏதோ இருக்கிறது' என்று இறங்கிவிடுகிறார் பாருங்கள், அவர்தான்.

தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறார் என்று நினைத்தீர்களா? அதுதான் தவறு. பதில் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்துபோகுமே. அப்புறம் அவர் என்ன செய்வார்? சின்ன வெங்காயம் வாங்கப் போனால் எந்த ஊர்க் காடு, பட்டறை போட்டுச் சேமித்து வைத்ததா, பிடுங்கினதும் வந்ததா, மழைக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் பூண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். தெருவில் யார் வீட்டுக்குப் பெண் பார்த்தாலும், யார் மோட்டார் வாங்கினாலும், யாருக்கு வயிறு வலித்தாலும் அவர் வாயில் வருவது ஒரே வாசகம்: "எதுக்கும் ஒருவாட்டி விசாரிச்சுருவோம்."

இந்த இனத்தில் தலைசிறந்தவர் என்று அரியலூரில் பஞ்சநாதனைச் சொல்லலாம். சிமெண்ட் ஆலை ஒன்றின் ஸ்டோரில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாசலுக்கு வரும் சரக்கைச் சோதிப்பது அங்கே அவர் வேலை. போல்ட்டானாலும் சரி, கன்வேயர் பெல்ட்டானாலும் சரி, சாக்குத் தைக்கிற நூலானாலும் சரி, தட்டி, முகர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் நாக்கு நுனியிலும் வைத்துப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகும். உள்ளே போன சரக்கை மட்டும் அப்புறம் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பாஸான சரக்கு. பாஸான சரக்கைச் சந்தேகப்படுவது, தான் போட்ட கையெழுத்தைச் சந்தேகப்படுவதல்லவா? இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, அப்புறம் வேண்டாமென்று மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்த காலம் அது. பஞ்சநாதனின் மனைவி அமிர்தவல்லிக்கு உடம்பு கரைந்துகொண்டே வந்தது. சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, உடனே போகிறது, ரத்தம் இல்லை. கைவளையல் முழங்கை வரைக்கும் தானாக ஏறி இறங்கிற்று. திருச்சி பெரிய டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குடலிலிருந்து கிள்ளி எடுத்துச் சோதித்து, இப்படிச் சொன்னார்: "உங்க உடம்புக்குக் கோதுமை ஆகாது. கோதுமையில இருக்கிற குளூட்டன்ங்கிற பசைச் சத்து உங்க குடலை அரிக்குது. சப்பாத்தி, மைதா, ரவை, சேமியா எதுவும் இனிமே கூடாது. சோறு, சோளம், கம்பு, கேழ்வரகு தாராளமா சாப்பிடலாம்."

அரிசி விளைகிற பூமியில் இதென்ன கஷ்டம் என்பீர்கள். சாதாரண வீட்டில் கஷ்டமில்லைதான். ஆனால் பஞ்சநாதன் சில வருஷங்களுக்கு முன்பு, சர்க்கரை வியாதி வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஊரெல்லாம் விசாரித்து, இருவருக்கும் ஒரு வியாதியும் இல்லாதபோதே, ராத்திரிச் சாப்பாட்டைச் சப்பாத்தியாக்கி வைத்திருந்தார். கோதுமை அந்த வீட்டுக்குள் வந்தது அவர் கையெழுத்தில்தான்.

தெருவுக்கோ இந்த வியாதியில் நம்பிக்கையே வரவில்லை. எதிர்வீட்டுப் பாக்யலட்சுமி நேராகவே கேட்டாள்: "ஏன்க்கா, சக்கரை வந்தவுங்களுக்குக் கோதுமைதான சாப்புடச் சொல்லுவாங்க? கோதுமையே ஆவாதுன்னு ஒரு வியாதியா? இந்த டாக்டரு எதுக்கும் நல்லா படிச்சவருதானா?"

"இவரு விசாரிச்சுத்தான் கூட்டிட்டுப் போனாரு" என்றாள் அமிர்தவல்லி. பாக்யலட்சுமி பேச்சைக் குழம்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அமிர்தவல்லிக்கு உடம்பு தேறியாக வேண்டிய அவசரம் ஒன்றிருந்தது. ஓசூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் இலக்கியா தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தாள். கார்த்திகையில் வளைகாப்பு; மாசியில் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் மகளின் மாமியார் பெரியம்மாள் ஆடி மாதத்திலேயே வந்து அமிர்தவல்லியின் மெலிந்த கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்களே பச்ச உடம்புக்காரியாட்டம் இருக்கீங்க சம்மந்தி. வளகாப்பு வரைக்கும் பாப்போம். தேறலைன்னா புள்ளய நாங்களே வெச்சுப் பாத்துக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் செரமமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடைசி வாக்கியம்தான் அமிர்தவல்லியைத் தூங்கவிடாமல் செய்தது.

கோதுமையை நிறுத்தியதும் உடம்பு கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் முழுதாகத் தேறவில்லை. ஒரு வாரம் நன்றாக இருந்தால் மறு வாரம் வயிறு பழைய பாட்டைப் பாடிற்று. மறுபடி திருச்சி. டாக்டர் யோசித்துவிட்டு, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "எங்கியோ கோதுமை உள்ள போவுது. சமையல்ல நல்லா பாருங்க. சில மாத்திரையிலகூட மாவு சேத்திருப்பாங்க. எதுக்கும் விசாரிச்சுக்குங்க."

விசாரிச்சுக்குங்க. பஞ்சநாதனிடம் போய்.

'சமையலில் நன்றாகப் பாருங்கள்' என்ற பாதி அவர் காதிலேயே விழவில்லை. சமையல்கட்டு என்பது உள்ளே இருக்கிற இடம். மாத்திரை வெளியிலிருந்து வருகிறது. நான்கு மாத்திரைகள்: ரத்தத்துக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. நான்கையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்துவிட்டு அவற்றைப் பஞ்சநாதன் பார்த்த பார்வை, சம்பளத் தேதியில் மருமகனைப் பார்க்கும் மாமனாரின் பார்வை. இதற்கிடையில் மனைவியின் வயிறு வாடக் கூடாதென்று, கோதுமை போன இடத்தில் தானாகவே ஒரு கைமருந்தும் ஆரம்பித்திருந்தார். மோரைக் கடைந்து, உப்பிட்டு, ஒரு தேக்கரண்டி பெருங்காயப் பொடியைத் தலைதட்டிப் போட்டு, மூன்று வேளையும் தன் கையாலேயே ஆற்றிக் கொடுப்பார். வாயுவுக்குப் பெருங்காயத்தை மிஞ்ச ஒன்று உண்டா? இதை யாரிடமும் விசாரிக்கவே தேவைப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதே கம்பெனி, அதே மஞ்சள் டப்பா.

விசாரணை அன்பழகன் மருந்துக்கடையில் தொடங்கியது. அன்பழகன் நல்ல மனிதர். மருந்தாளுநர் படிப்பு முறையாகப் படித்தவர். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் கெட்ட பழக்கமும் உண்டு.

"தம்பி, இந்த மாத்திரையில கோதுமை இருக்கா?"

"மருந்து என்னன்னு அட்டையில போட்டிருக்கும்ங்க. கூட என்ன மாவு சேக்குறாங்கன்னு போட மாட்டாங்க. தெரியலீங்க."

"விக்கிறீங்க, தெரியலைங்கிறீங்க?"

"நான் சோப்பும்தான் விக்கிறேன். அதுல என்ன கொழுப்புன்னு தெரியுமா எனக்கு?"

பஞ்சநாதன் அன்று குளிப்பதற்கு முன் சோப்பையும் ஒருமுறை முகர்ந்து பார்த்தார். மறுநாள் மறுபடி கடைக்கு வந்தார். அதற்கு மறுநாளும். கூட்டம் இருக்கும்போதுதான் வருவார், சாட்சிகள் வேண்டுமல்லவா? இருமலுக்கு மருந்து கேட்டு நிற்பவரிடம், "நீங்க சாப்புடுற மாத்திரையில என்ன மாவுன்னு விசாரிச்சிருக்கீங்களா?" என்று அன்போடு கேட்பார். அவர் இருமிக்கொண்டே அடுத்த கடைக்குப் போய்விடுவார். வியாபாரத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல், அன்பழகன் மருந்து கம்பெனிப் பிரதிநிதி பாலாஜி வரும் நாளைச் சொல்லிவைத்தார்.

சித்திரை வெயில் புரட்டாசியிலும் அடிக்கிற ஊரில் கழுத்தை இறுக்கி டை கட்டி, தோல்பை தூக்கிக்கொண்டு வந்த அந்த இளைஞன், ரத்த மாத்திரையின் பெருமைகளை ஒப்பித்து முடிக்கும்வரை பஞ்சநாதன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மாவு?" என்றார்.

"ஸ்டார்ச் இருக்கும் சார்."

"என்ன ஸ்டார்ச்?"

பாலாஜி பையைத் திறந்தான், மூடினான். "வெள்ளை ஸ்டார்ச் சார்."

"கோதுமையிலேருந்து எடுக்கிறதா, சோளத்துலேருந்து எடுக்கிறதா, கெழங்குலேருந்து எடுக்கிறதா?"

"நல்ல தரமான ஸ்டார்ச் சார். உங்களுக்கு ஒரு பேனா தரட்டுங்களா?"

பேனாவை வாங்கிக்கொண்டார். அந்தப் பேனாவாலேயே நான்கு கம்பெனிகளுக்கும் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு கம்பெனியின் சென்னைக் கிடங்குக்குப் போனும் போட்டார். எடுத்தவர், "பெட்டி கணக்குல வேணுமா, கேஸ் கணக்குல வேணுமா?" என்றார். என்ன மாவு என்று கேட்டதும், "மாவெல்லாம் நாங்க பண்றதில்ல சார், ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் சீக்கிரமே பதில் வந்தது. தங்கள் தயாரிப்பு உலகத் தரமானது, டாக்டர் சொன்னபடி சாப்பிடவும், தங்கள் அக்கறைக்கு நன்றி. கூடவே ஒரு தினக் காலண்டர்.

வெளியார் கைவிட்டால் என்ன? ஸ்டோரில் சர்டிபிகேட் வராத சரக்கை அவரே சோதித்ததில்லையா? பஞ்சநாதன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

ஊரில் சுவரொட்டி எதனால் ஒட்டுகிறார்கள்? மைதாப் பசையால். மைதா எது? கோதுமை. அப்படியானால் எந்த மாத்திரையைக் கரைத்துக் காய்ச்சிப் பசையாக்கி, அதைத் தடவிய தாள் சுவரில் நிற்கிறதோ, அந்த மாத்திரையில் கோதுமை இருக்கிறது. இவ்வளவு எளிய உண்மை உலகத் தரக் கம்பெனிக்கு எட்டவில்லை பாருங்கள். அவர் ஒவ்வொரு மாத்திரையாகக் கரண்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு அடுப்பில் காட்டினார். இலவசமாக வந்த காலண்டரிலிருந்து தாள்களைக் கிழித்தார். எலும்பு மாத்திரையின் தாள் கையை எடுப்பதற்குள் விழுந்தது, பாஸ். சத்து மாத்திரையின் தாள் விழுந்தது, பாஸ். வயிற்றெரிச்சல் மாத்திரை, கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது; பாஸ். ரத்த மாத்திரை மட்டும் செக்கச்செவேலென்று பாகாகி, தாளோடு சேர்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டது.

"அமிர்தம், இங்க வா. திருடன் ஆப்ட்டுக்கிட்டான்."

அமிர்தவல்லி வந்து, போன பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் இலங்கை படம்போல் பரவியிருந்த சிவப்பைப் பார்த்தாள். "சீனி பூசுன மாத்திரைங்க அது. பாகு ஒட்டாம என்ன செய்யும்? ஜிலேபியும்தான் கையில ஒட்டுது."

"ஜிலேபி மைதாவுல செய்யிறதுடி" என்றார் பஞ்சநாதன் வெற்றியோடு.

ரத்த மாத்திரை அன்றே நிறுத்தப்பட்டது. துணைக்கு இருக்கட்டும் என்று பெருங்காய மோரில் இன்னொரு அரைக் கரண்டி கூடிற்று. அடுத்த முறை திருச்சிக்குப் போனபோது ரத்தம் இன்னும் இறங்கியிருந்தது. "யாரு நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டதற்குப் பஞ்சநாதன் சுவரில் தாள் ஒட்டிய முறையை முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு அமிர்தவல்லியைப் பார்த்து மெதுவாக, "நீங்க மாத்திரையைச் சாப்பிடுங்கம்மா" என்றார்.

ஐப்பசியில் அமிர்தவல்லியின் தம்பி அய்யாக்கண்ணு, சிறுவாச்சூரிலிருந்து வந்து அக்காவைப் பார்த்துவிட்டு, "பத்து நாளு நம்ம வூட்டுல வந்து இருக்கட்டும் மாமா. வெள்ளி, திங்கள்ல கோயில் நட தெறக்கும், காளிக்கு ஒரு வேண்டுதல் வெச்சுட்டு வரட்டும்" என்று அழைத்துப் போனார். மாத்திரைகளும் மஞ்சள் டப்பாவும் மஞ்சள் பையில் கூடவே போயின. ஆனால் அய்யாக்கண்ணுவின் மனைவி சிந்தாமணிக்குப் பெருங்காய வாடையே ஆகாது; தலைவலி வந்துவிடும்; அவள் சமையலில் அது கிடையவே கிடையாது. "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க, இந்த டப்பா மட்டும் மாட்டுக் கொட்டாயில இருக்கட்டும்" என்று அதை எடுத்துப் போய் தவிட்டுப் பானைமேல் வைத்துவிட்டாள். இடையில் மாத்திரை தீர்ந்துபோக, அய்யாக்கண்ணு பெரம்பலூருக்குப் போய் அதே மாத்திரைகளை வாங்கிவந்தார்.

பத்து நாளில் அமிர்தவல்லி வேறு ஆளாகிவிட்டாள். வயிறு அமைதி. சோறு கேட்டுச் சாப்பிட்டாள். வளையல் மணிக்கட்டோடு நின்றது. அழைத்துவரப் போன பஞ்சநாதனால் நம்ப முடியவில்லை. தம்பி வீட்டு வாசலிலேயே விசாரணை தொடங்கிற்று.

"தண்ணி மாத்தமா?"

"எல்லாம் காவேரி, கெணறு, போரு, கலந்துதான் மாமா" என்றார் அய்யாக்கண்ணு.

"அரிசி?"

"அக்கா எப்பவும் திங்கிற அரிசிதான்."

"மாத்திர?"

"பெரம்பலூர்ல வாங்குனது."

பஞ்சநாதன் நிமிர்ந்தார். பெரம்பலூரில் வாங்கியது. அப்படியானால் கோளாறு அரியலூர் மாத்திரையில். கேள்வி அதோடு முடிந்தது. சிந்தாமணி கொட்டகையிலிருந்து மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதைப் பார்க்காமலே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

நேரே அன்பழகன் கடைக்குப் போய் இரண்டு ஊர் மாத்திரை அட்டைகளையும் மேசைமேல் போட்டார். அன்பழகன் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அய்யா, ரெண்டும் ஒரே கம்பெனி. ஒரே பேட்ச் நம்பர். ஒரே நாள்ல செஞ்சது."

"வந்த வழி வேற தம்பி."

"ரெண்டும் திருச்சியிலேருந்து ஒரே வேன்ல வருதுங்க. எனக்குப் போட்டுட்டுத்தான் பெரம்பலூருக்கே போவான்."

"அங்கதான் மாட்டிக்கிறீங்க" என்றார் பஞ்சநாதன். "மொதல்ல எறக்குற சரக்கு எப்பவும் ரெண்டாம் தரம். நான் பாக்காத ஸ்டோரா?"

அன்றிலிருந்து மாத்திரை வாங்கப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார், டிரைவர் முதல் தூங்குகிறவர் வரை விசாரித்துவிட்டு. அரியலூர் வீட்டில் பெரம்பலூர் மாத்திரையும் மூன்று வேளை மோருமாக அமிர்தவல்லியின் வயிறு மறுபடி உப்பிற்று. வளையல் மறுபடி முழங்கையைப் பார்த்து நடந்தது. கார்த்திகையில் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஓசூர் போய், மகளுக்கு வளையல் அடுக்கினாள். அடுக்கும்போது அவள் வளையல் முழங்கைக்கு ஓடியதைப் பெரியம்மாள் பார்த்துவிட்டாள்.

"சொன்னனே சம்மந்தி. புள்ள இங்கியே இருக்கட்டும்."

"தை பொறக்கட்டுங்க. தேறிடுவேன்."

"சரி, பொங்கல் வரைக்கும்" என்றாள் பெரியம்மாள். "அப்பறம் பேச்சில்ல."

அமிர்தவல்லி வீடு திரும்பினாள். மகள் படுக்கட்டும் என்று உள்ளறையில் போட்டு வைத்திருந்த புதுக் கட்டிலின்மேல் பழைய புடவையொன்றைப் போர்த்தி மூடிவிட்டாள். பஞ்சநாதன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வருத்தம் வந்தால் என்ன செய்வார்? மோர் கலந்தார். நிறைய பெருங்காயம் போட்டு.

மார்கழியில் ஒரு காலை அன்பழகனே வீடு தேடி வந்தார். கையில் தாள். "அய்யா, உங்களுக்காக நாலு கம்பெனிக்கும் எங்க டீலர் மூலமா நானே எழுதிக் கேட்டேன். நாலு பதிலும் வந்துருச்சு. நாலுலயும் மக்காச்சோள ஸ்டார்ச்தான். கோதுமை கெடையாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. உங்க வூட்டுக் கதவத் தட்டுனதுக்கு இது ஒண்ணுதான் காரணம். தயவுசெஞ்சு இனிமே கடைக்கு ஜுரத்துக்கு மட்டும் வாங்க."

பஞ்சநாதன் நான்கு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கையெழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மக்காச்சோளம். பெரம்பலூர்ப் பக்கம் காடுகாடாக விளைகிற சோளம். குற்றம் சொல்ல இடமில்லை. மாத்திரைகள் நிரபராதிகள். அவர் முகத்தில் மகிழ்ச்சியா வந்தது? பஸ் பலகையில் எழுதியிருந்த ஊருக்கே பஸ் போய்ச் சேர்ந்துவிட்டதைப் பார்த்த முகம்.

"ஒக்காருங்க தம்பி. மோர் சாப்புட்டுட்டுத்தான் போவணும்."

மோரும் வந்தது, மஞ்சள் டப்பாவும் வந்தது. பஞ்சநாதன் மனைவிக்கு ஒரு டம்ளர், அன்பழகனுக்கு ஒரு டம்ளர் என்று கலக்க ஆரம்பித்தார். இத்தனை மாதங்களாகப் பஞ்சநாதனோடு பழகியதில் அன்பழகனுக்கும் ஒரு வியாதி தொற்றியிருந்தது: கையில் எது கிடைத்தாலும் பின்பக்கம் திருப்பிப் படிப்பது. டப்பாவை எடுத்தார். திருப்பினார். எறும்பு ஊர்வதுபோல் இருந்த எழுத்துக்களைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

"அய்யா."

"என்ன?"

"இத விசாரிச்சீங்களா?"

"பெருங்காயம். அதுல விசாரிக்க என்ன இருக்கு?"

"சேத்திருக்கிற சாமான் போட்டிருக்கான். மொதல்ல ஸ்டார்ச்சு. என்ன ஸ்டார்ச்சுன்னும் போட்டிருக்கான். மைதா. ரெண்டாவது கோந்து. பெருங்காயம் மூணாவதுதான் வருது. எது அதிகமோ அதத்தான் மொதல்ல போடுவாங்க."

அமிர்தவல்லி குடிக்கப் போன டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி, எத்தனை மாதம் என்று அவள் உதடு கணக்குப் போடுவது தெரிந்தது. சிறுவாச்சூரில் மாட்டுக் கொட்டகையில் டப்பா இருந்த பத்து நாளும் அந்தக் கணக்கில் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மெலிந்த உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"நாலு கம்பெனிக்குக் காயிதம் போட்டீங்க. பெரம்பலூருக்குப் பஸ் ஏறுனீங்க. என் சொவத்துல இலங்கையே வரஞ்சீங்க. திருடன மட்டும் தெனமும் கரண்டியில எடுத்து ஊட்டிவுட்டிருக்கீங்க."

பஞ்சநாதன் அசையவில்லை. "டப்பாவுல தப்பா அச்சடிச்சிருப்பான்" என்றார். "இது நம்ம வூட்டுப் பெருங்காயம்."

"அப்ப உங்க பரிட்சையையே வெச்சுப் பாப்போம்" என்றாள் அமிர்தவல்லி. எழுந்து அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு கரண்டி பெருங்காயப் பொடியில் தண்ணீர் விட்டுக் காய்ச்சினாள். வீடெல்லாம், தெருவெல்லாம் மணந்தது. வழுவழுவென்று வெண்ணெய்போல் பசை திரண்டது. ஒட்டிப் பார்க்கத் தாள் வேண்டுமே? கோதுமை விலக்கின நாளில் பஞ்சநாதன் பெரிய எழுத்தில் எழுதிச் சமையல்கட்டுக் கதவில் ஆணியில் மாட்டியிருந்த அறிவிப்பைக் கழற்றினாள். 'இந்த வீட்டுக்குள் கோதுமை வரக் கூடாது.' அதன் முதுகில் பசையைத் தடவி, கதவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

அறிவிப்பு நின்றது. பஞ்சநாதன் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மறுநாள் காலையிலும் இழுத்துப் பார்த்தார். கதவின் வர்ணம் வந்தது, தாள் வரவில்லை.

அந்தப் பெருங்காயக் கம்பெனிக்கு எழுத அவர் தாள் எடுத்தபோது, அமிர்தவல்லி டப்பாவைத் தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். "நீங்க நல்லா விசாரிங்க. நான் தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள்.

பொங்கலுக்குள் வயிறு ஒழுங்குக்கு வந்துவிட்டது. பொங்கலன்று வந்த பெரியம்மாள் சம்பந்தியின் கையைப் பிடித்துப் பார்த்தாள், வளையல் நகரவில்லை. "என்ன மருந்து சாப்புட்டீங்க?" என்றாள். "ஒண்ணு நிறுத்துனேன்" என்றாள் அமிர்தவல்லி. இலக்கியா வந்து புதுக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். மாசியில் பேத்தி பிறந்தாள். குழந்தைக்குக் காய்ச்சிய தண்ணீர் கொடுக்கலாமா என்று பஞ்சநாதன் ஏழு பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, குழந்தை பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தது. அந்த அறிவிப்பு இன்னமும் கதவில் இருக்கிறது. மழை நாளில் லேசாக மணக்கிறதாம்.

ஆக, இந்த இனத்தை அடையாளம் காணும் வழி, எவ்வளவு கேட்கிறார் என்பதல்ல. எதைக் கேட்காமல் விடுகிறார் என்பது. அது பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கும், கரண்டியோடு.

நீங்கள் அப்படி இல்லை என்பது தெரியும். இருந்தாலும் ஒரு கேள்வி. பெருங்காய டப்பா என்ற இடம் வந்ததும், நடுவில் எழுந்துபோய் உங்கள் வீட்டு டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வந்தீர்களா? படித்தீர்கள் என்றால் கவலையில்லை. 'நாங்கள் வாங்குவது வேறு கம்பெனி, இருபது வருஷமாக வாங்குகிறோம், அதில் அப்படியெல்லாம் இருக்காது' என்று உட்கார்ந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டு, யாருக்கு இதைச் சொல்லி எச்சரிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் ஒரு சேதி. நீங்கள் சந்தேகப்பட்டு இறங்கினீர்களே, அந்தச் செந்துறை பஸ், செந்துறைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.